பொறுப்பும் பிடியும்: சிங்கப்பூர் வேலை அனுமதியில் முதலாளியின் கடமைகள்

புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் ஓட்டு வீடுகள் மாடி வீடுகளான தெருக்கள் பல. அவற்றில் கணிசமானவை சிங்கப்பூர் வெள்ளியால் எழுந்தவை. கட்டுமானம், கப்பல் பட்டறை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஆகிய மூன்று துறைகளில் மட்டும் அங்கே நாலரை லட்சம் பேர் அளவில் வொர்க் பெர்மிட்டில் வேலை செய்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் போனவர்கள் இவர்களில் மிகுதி. ஊரில் இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் நின்றுவிடும்: ஏஜென்டுக்கு எவ்வளவு, சம்பளம் எவ்வளவு? அழைத்துக்கொண்ட முதலாளி என்னென்ன செய்யக் கடமைப்பட்டவர் என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்பவர் குறைவு.

சிங்கப்பூர்ச் சட்டம் அந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்கிறது. தங்குமிடம், மருத்துவம், காப்பீடு, சம்பளச் சீட்டு, ஊர் திரும்பும் விமான டிக்கெட் வரை முதலாளியின் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. இருந்தும் சம்பள பாக்கி, காயத்தை மறைத்தல், வேலைக்கு லஞ்சம் வாங்குதல் ஆகிய புகார்கள் ஓய்ந்தபாடில்லை. காரணம், அனுமதி வழங்கப்படும் முறையிலேயே இருக்கிறது. தொழிலாளியின் நலனுக்கு யார் பொறுப்பாளியோ, அவர் கையில்தான் அந்தத் தொழிலாளி நாட்டில் தங்கும் உரிமையும் இருக்கிறது. கடமை தவறியவரைக் கேள்வி கேட்டால் வேலை மட்டுமின்றி, இருக்கும் நாடே கைவிட்டுப் போகலாம். இந்த முடிச்சை அவிழ்க்காமல் கடமைகளை மட்டும் கூட்டிக்கொண்டே போவதால் பாதிப் பலன்தான் கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் வந்த வழி

சிங்கப்பூர் விடுதலை பெற்ற 1965ஆம் ஆண்டிலேயே அயல்நாட்டார் வேலை செய்வதை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்துவிட்டது. 1980களில் கட்டுமானப் பணிகள் பெருகியபோது, வெளிநாட்டு ஆளுக்கு மாதந்தோறும் முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி என்ற தீர்வை நடைமுறைக்கு வந்தது. 1990இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2007இல் அது வெளிநாட்டு மனிதவள வேலைவாய்ப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன்கீழ் 2012இல் வந்த விதிமுறைகள்தான் ஒவ்வொரு வகை அனுமதிக்கும் உரிய நிபந்தனைகளைப் பட்டியலிடுகின்றன. பணிச் சட்டம், வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம், தங்கும் விடுதிச் சட்டம், வேலை முகவர் சட்டம் ஆகியவை இதற்குத் துணை நிற்கின்றன.

அனுமதிகள் மூன்று அடுக்கு. மேலடுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் உயர்கல்வி பெற்ற வல்லுநர்களுக்கு. 2025 முதல் அதற்குக் குறைந்தது 5,600 வெள்ளி மாதச் சம்பளம் வேண்டும். வயது கூடக் கூட அந்தத் தகுதி வரம்பும் உயரும். 2023 செப்டம்பர் முதல் புள்ளி முறையும் வந்துவிட்டது. நடு அடுக்கு எஸ் பாஸ். 2025 செப்டம்பர் முதல் அதன் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. கீழடுக்கு வொர்க் பெர்மிட். அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று எதுவும் கிடையாது. சட்டம் முதலாளிக்கு மிகுதியான கடமைகளை விதித்திருப்பது இந்த அடுக்கில்தான். தொழிலாளி மிகவும் பலவீனமாக நிற்பதும் இங்கேதான். எனவே இக்கட்டுரையின் பெரும்பகுதி வொர்க் பெர்மிட்டைப் பற்றியது.

ஆளை அழைக்கும் முன்

நினைத்த அளவுக்கு ஆள் எடுக்க எந்த நிறுவனத்துக்கும் அனுமதி இல்லை. கட்டுமானத் துறையில் உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு ஏழு வெளிநாட்டவர் என்றிருந்த விகிதம் 2024 ஜனவரி முதல் ஐந்தாகக் குறைந்தது. அந்த ஒரு உள்ளூர் ஊழியரை முழுதாகக் கணக்கில் கொள்ள அவருக்கு உரிய சம்பளமும் தர வேண்டும். 2024 ஜூலையில் அது 1,600 வெள்ளி. எந்த நாட்டுக்காரர் எந்தத் துறையில் வேலை செய்யலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. கட்டுமானத்தில் இந்தியர்களுக்கு நெடுங்காலமாக இடம் உண்டு. உணவகத் தொழிலில் இந்தியச் சமையல்காரரை வொர்க் பெர்மிட்டில் எடுக்க வழி பிறந்ததோ 2023 செப்டம்பரில்தான்.

அடுத்தது லெவி. கட்டுமானத்தில் உயர்திறன் பெற்றவருக்கு மாதம் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் மட்டும் உள்ளவருக்கு 900 வெள்ளி. இதை முதலாளியே கட்ட வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது குற்றம். மலேசியர் அல்லாத ஒவ்வொரு வொர்க் பெர்மிட் ஊழியருக்கும் 5,000 வெள்ளி பிணைத்தொகைக்கு முதலாளி உறுதி தர வேண்டும். நிபந்தனை மீறினாலோ, ஊழியர் ஊர் திரும்பாமல் மறைந்துவிட்டாலோ அந்தத் தொகை பறிபோகும். பிணையின் நோக்கம் முதலாளிக்குப் பொறுப்புணர்வு ஊட்டுவது. நடைமுறையில் அது முதலாளியின் மனத்தில் இன்னொரு எண்ணத்தையும் விதைக்கிறது: ஆள் எங்கே போகிறான், யாரோடு பேசுகிறான் என்று கண்வைக்க வேண்டும் என்ற எண்ணம். கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். மற்றொருவரின் கடவுச்சீட்டைப் பிடித்து வைத்திருப்பது சிங்கப்பூரில் குற்றம்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் வருவது ஐ.பி.ஏ. எனப்படும் முன் ஒப்புதல் கடிதம். நம் ஊர்ப் பேச்சில் ‘ஐ.பி. வந்துடுச்சு’ என்பார்கள். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள், முதலாளியின் பெயர், வேலை வகை எல்லாம் அதில் இருக்கும். தொழிலாளி ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே அவருக்குப் புரியும் மொழியில் அதை அனுப்பியாக வேண்டும். தமிழிலும் அது கிடைக்கிறது. அரசிடம் முதலாளி எழுத்தில் கொடுத்த வாக்குமூலம் அது. 2017இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் ஒரு சம்பள வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. அக்கடிதத்தில் உள்ள அடிப்படைச் சம்பளமே உண்மைச் சம்பளம் என்று கொள்ளப்படும், அப்படி இல்லை என்று சொல்லும் முதலாளிதான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது. சம்பளத்தைக் குறைக்க வேண்டுமானால் தொழிலாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெற்று, மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். பயணம் புறப்படுபவர் வைத்திருக்கும் தாள்களில் மிக மதிப்புள்ளது இந்தக் கடிதம்தான். ஏஜென்ட் காட்டும் வேறெந்த ஒப்பந்தமும் இதற்கு ஈடாகாது.

வேலையில் இருக்கும்போது

ஊழியர் வந்து சேர்ந்ததும் மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்புப் பயிற்சி, அனுமதி அட்டை ஆகியவற்றுக்கு முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும். முதன்முறையாக வருவோருக்குச் சிங்கப்பூர்ச் சட்டங்களையும் அவர்களது உரிமைகளையும் சொந்த மொழியில் விளக்கும் ஒருநாள் பயிலரங்கு 2018இல் கட்டுமானத் துறையில் தொடங்கியது. அதன் கட்டணமும் முதலாளியுடையதே. ஊழியர் தங்கும் முகவரியை ஐந்து நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இடம் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். அனுமதியில் குறித்த வேலையைத் தவிர வேறு வேலை வாங்கவோ, வேறொரு நிறுவனத்துக்கு இரவல் கொடுக்கவோ கூடாது.

சம்பள விதிகள் தெளிவானவை. வேலையில் சேர்ந்த 14 நாட்களுக்குள் முக்கிய நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். மாதம் முடிந்து ஏழு நாட்களுக்குள் சம்பளம், 14 நாட்களுக்குள் மிகைநேரப் பணம். வாரத்துக்கு 44 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு. மாதத்தில் மிகைநேரம் 72 மணியைத் தாண்டக் கூடாது. 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம். 2020 ஜூலை முதல் விடுதிகளில் தங்கும் வொர்க் பெர்மிட் ஊழியர்களுக்கு வங்கி வழியாகவே சம்பளம் தர வேண்டும். சம்பளம் தராத முதலாளிக்கு முதல் குற்றத்துக்கே 3,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

மருத்துவச் செலவு முழுவதும் முதலாளியைச் சேர்ந்தது. மருத்துவமனைச் செலவுக்கான கட்டாயக் காப்பீட்டின் ஆண்டு வரம்பு 15,000 வெள்ளியாக இருந்து, 2023 ஜூலையில் 60,000 வெள்ளியாக உயர்ந்தது. வேலையிடத்தில் காயம் ஏற்பட்டால் யார் தவறு என்று பார்க்காமல் இழப்பீடு தர வேண்டும். முதலாளியின் அலட்சியத்தை மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளிக்கு இல்லை. மருத்துவ விடுப்பின் முதல் 14 நாட்களுக்கு, மருத்துவமனையில் இருந்தால் 60 நாட்களுக்கு, முழுச் சம்பளம். அதன்பின் ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. உயிரிழப்புக்கான இழப்பீட்டு உச்சவரம்பு 2025 நவம்பரில் 2,69,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 2020 செப்டம்பர் முதல், ஒருநாள் மருத்துவ விடுப்போ இலகு வேலையோ பரிந்துரைக்கப்பட்ட காயத்தையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சிறு காயங்களை ஏட்டில் ஏறாமல் அமுக்கிவிடும் பழக்கத்துக்கு எதிராக வந்த நல்ல விதி இது.

தங்குமிடத்தின் கதை தனி. 2020 ஏப்ரலில் கொரோனா விடுதிகளுக்குள் புகுந்தபோது, ஒரே அறையில் பன்னிரண்டு, பதினாறு, இருபது பேர் ஈரடுக்குக் கட்டில்களில் படுத்திருந்தார்கள்; குளியலறையும் சமையலறையும் பொது. வெளியே நடமாடத் தடை வந்து, அந்த அறைகளுக்குள்ளேயே வாரக்கணக்கில் அடைந்து கிடந்தார்கள். விடுதிவாசிகள் சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது என்று அந்த ஆண்டு டிசம்பரில் அரசே அறிவித்தது. நாட்டின் மற்றப் பகுதிகளில் தொற்று அடங்கிய பிறகும் விடுதிகளுக்கான கட்டுப்பாடு நெடுநாள் நீடித்தது. நகரத்தைக் கட்டியவர்களை நகரம் எங்கே குடிவைத்திருக்கிறது என்பதைச் சிங்கப்பூரர் பலர் அப்போதுதான் கண்ணெடுத்துப் பார்த்தார்கள்.

அந்தத் துயரம் சட்டத்தை மாற்றியது. ஆயிரம் படுக்கைக்கு மேற்பட்ட விடுதிகளை மட்டும் கட்டுப்படுத்தி வந்த சட்டம், 2023 ஏப்ரல் முதல் ஏழு படுக்கை உள்ள இடங்களுக்கும் விரிந்தது. புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, தலைக்கு 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும். பழைய விடுதிகள் 2030க்குள் இடைக்காலத் தரத்துக்கும், 2040க்குள் முழுத் தரத்துக்கும் மாற வேண்டும். திசை சரியானது, கால அளவுதான் நீளம். இன்று முப்பது வயதில் போகிறவர், முழுத் தரம் எல்லா விடுதிகளுக்கும் எட்டுவதற்குள் நாற்பதைத் தாண்டியிருப்பார்.

லாரி விவகாரமும் இப்படித்தான். சரக்கு ஏற்றும் தட்டில் தொழிலாளர்களை உட்காரவைத்துக் கொண்டுபோவதைத் தடை செய்ய வேண்டும் என்று சமூக அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்கின்றன. நாடாளுமன்றத்திலும் பேசப்பட்டது. 2023 முதல் மழைத் தடுப்பு, ஓட்டுநரைக் கண்காணிக்க உடன் ஒருவர், ஓட்டுநருக்கு ஓய்வு ஆகிய விதிகள் வந்தன. முழுத் தடை வரவில்லை. சிறு நிறுவனங்களுக்குச் செலவு கட்டுப்படியாகாது, பேருந்தும் ஓட்டுநரும் போதாது என்பது மறுதரப்பு. வேறெவரையும் லாரித் தட்டில் வேலைக்கு அழைத்துப்போகச் சம்மதிக்காத ஒரு சமூகம், இவர்களுக்கு மட்டும் செலவுக் கணக்குப் பார்ப்பது நியாயமில்லை.

மீறல் நடக்கும் இடங்கள்

மீறல்களை நான்கு வகையாகப் பார்க்கலாம். முதலாவது, வேலை தருவதற்கோ பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்கோ தொழிலாளியிடம் பணம் வாங்குவது. இதற்கு 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. பணம் பெரும்பாலும் ரொக்கமாக, மேற்பார்வையாளர் ஒருவர் கைவழியே போகும், ரசீது இருக்காது. புகார் கொடுத்தால் புதுப்பிப்பு நடக்காது என்பது இருதரப்புக்கும் தெரியும்.

இரண்டாவது, பொய்யான சம்பளம் காட்டுவது. எஸ் பாஸுக்குரிய தொகையை விண்ணப்பத்தில் எழுதி, வங்கியிலும் போட்டு, பின்னர் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இன்ஜினீயரிங் படித்த தமிழ் இளைஞர்கள் பலர் சிக்குவது இதில்தான். ‘எஸ் பாஸ் வாங்கித் தர்றோம்’ என்று ஏஜென்ட் சொல்லும்போதே இந்தப் பேரமும் உள்ளே இருக்கும். பொய்யான விவரம் கொடுப்பதற்கு 20,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். உடன்பட்ட தொழிலாளியும் குற்றத்தில் பங்காளியாகி, மறுபடி சிங்கப்பூருக்குள் நுழையும் வாய்ப்பையே இழக்க நேரிடலாம்.

மூன்றாவது, கோட்டா மோசடி. வேலைக்கே வராத உள்ளூர்க்காரரின் பெயரில் மத்திய சேம நிதி கட்டி, அவரை ஊழியராகக் காட்டி, அந்தக் கணக்கில் வெளிநாட்டவரை அழைப்பது. நான்காவது, அனுமதி இல்லாதவரையோ, வேறொருவர் பெயரில் அனுமதி உள்ளவரையோ வேலைக்கு வைப்பது. செல்லுபடியாகும் அனுமதி இல்லாமல் வேலை கொடுத்தால் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. பாதுகாப்புக் குறைபாடுகளுக்குத் தனியே குறைப்புப் புள்ளி முறையும் உண்டு. 18 மாதத்தில் 25 புள்ளி சேர்ந்த நிறுவனம் வெளிநாட்டு ஆள் எடுக்கும் உரிமையைத் தற்காலிகமாக இழக்கும். முதலாளிகள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். அபராதத்தை ஒருமுறை கட்டிவிடலாம். ஆள் கிடைக்காவிட்டால் கையில் இருக்கும் கட்டுமான ஒப்பந்தமே நின்றுபோகும்.

கேட்பவருக்கு என்ன ஆகும்

இவ்வளவு தண்டனைகளும் வேலை செய்ய, யாராவது புகார் சொல்ல வேண்டும். இங்கேதான் முடிச்சு. வொர்க் பெர்மிட் ஒரே முதலாளியோடு பிணைந்தது. நிறுவனம் எந்த நேரத்திலும் அதை ரத்து செய்யலாம். ரத்தானால் தொழிலாளி பொதுவாக ஊர் திரும்ப வேண்டும். நடுவில் வேறு நிறுவனத்துக்கு மாற இப்போதைய முதலாளியின் சம்மதம் தேவை. கட்டுமானத் துறையில் பெர்மிட் முடிய 40 நாள் முதல் 21 நாள் வரை உள்ள சிறு இடைவெளியில் மட்டும் சம்மதமின்றி மாறலாம். ஏறக்குறைய மூன்று வாரம். அதற்குள் புதிய வேலை தேடி, விண்ணப்பமும் போட்டாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். நாளுக்கு 18 வெள்ளி அடிப்படையில் ஒருவர் போகிறார் என்று கொள்வோம். 26 நாளுக்கு 468 வெள்ளி. வெள்ளி 65 ரூபாய் என்றால் சுமார் 30,000 ரூபாய். ஸ்கில் டெஸ்டுக்கும் ஏஜென்டுக்கும் மூன்று லட்சம் கடன் வாங்கியிருக்கிறார், நூற்றுக்கு இரண்டு வட்டி. மாதம் 6,000 ரூபாய் வட்டிக்கே போகும். மிகைநேர வேலை இல்லாவிட்டால் முதல் ஓராண்டுச் சம்பளத்தில் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கும் போக அசலில் கைவைக்கவே முடியாது. இந்த நிலையில் இருப்பவருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றால், அவர் புகார் கொடுப்பாரா, இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று பல்லைக் கடிப்பாரா? அவர் மௌனத்தைப் பயம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கடனைக் கணக்கில் வைத்து எடுத்த முடிவு அது.

புகார் கொடுத்தவர்களுக்கும் பாதை உண்டு. முதலில் முத்தரப்புப் பூசல் தீர்வுக் கூட்டணியில் சமரசப் பேச்சு. தீராவிட்டால் 2017இல் தொடங்கிய வேலைவாய்ப்புக் கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. வேலையில் இருப்பவர் பாக்கி ஏற்பட்ட ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டவர் ஆறு மாதத்துக்குள்ளும் முறையிட வேண்டும். வழக்கு முடியும்வரை தங்க ஸ்பெஷல் பாஸ் கிடைக்கும். அது தங்குவதற்கான தாள். வேலை செய்ய அனுமதி தானாக வந்துவிடாது. காய வழக்குகள் மாதக்கணக்கில் நீளும். அதுவரை உணவும் இடமும் தரும் கடமை பழைய முதலாளிக்கே. யார்மீது வழக்குப் போட்டிருக்கிறாரோ அவரிடமே கையேந்த வேண்டியிருக்கிறது. பலர் அங்கிருந்து வெளியேறி, தொண்டு அமைப்புகள் போடும் சோற்றை நம்பி வாழ்கிறார்கள். டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ, ஹோம், ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகளும், தொழிற்சங்கமும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2009இல் நிறுவிய வெளிநாட்டு ஊழியர் நிலையமும் இந்த இடைவெளியில்தான் பணிபுரிகின்றன.

வீட்டுப் பணிப்பெண்களின் நிலை இன்னும் இறுக்கமானது. பணிச் சட்டமும் காய இழப்பீட்டுச் சட்டமும் அவர்களுக்குப் பொருந்தா. பணியிடமும் தங்குமிடமும் ஒரே வீடு. மாதத்தில் ஒரு நாளாவது, பணம் கொடுத்து ஈடு செய்ய முடியாத விடுமுறை என்ற உரிமையே 2023 ஜனவரியில்தான் வந்தது. முதலாளியின் பார்வையைத் தாண்டி வெளியே வந்து ஒருவரிடம் பேச அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே உறுதியான வாய்ப்பு அந்த ஒரு நாள்.

முதலாளிகளின் தரப்பு

முதலாளிகளையெல்லாம் கொடுமைக்காரர்களாக எழுதிவிட்டால் ஆய்வு பிழைபடும். முறையாக நடத்தும் நிறுவனங்கள் ஏராளம். பத்து, பதினைந்து ஆண்டுகள் ஒரே இடத்தில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்த தொழிலாளர்களும் ஏராளம். சிறு ஒப்பந்தக்காரரின் சிக்கல் வேறு. மேலே இருக்கும் பெரிய நிறுவனம் பில் தொகையை இழுத்தடித்தால், கீழே மூன்றாம், நான்காம் படியில் இருப்பவரிடம் சம்பளத்துக்குப் பணம் இருக்காது. லெவியோ மாதம் தவறாமல் கட்டியாக வேண்டும். அடிப்படைச் சம்பளத்தைவிட லெவி கூடுதலாக இருக்கும் நிலையில், நெருக்கடி வந்தால் முதலில் தள்ளிப்போவது சம்பளம்தான். கட்டுமானத்தில் பில் தொகை நிலுவையைத் தீர்க்க 2004லேயே தனிச் சட்டம் வந்தும், மேலிடத்தைப் பகைத்துக்கொள்ள அஞ்சிச் சிறு ஒப்பந்தக்காரர்கள் அதைப் பயன்படுத்தத் தயங்குகிறார்கள். தொழிலாளி முதலாளியிடம் மௌனமாக இருப்பதுபோலவே சிறு முதலாளி பெரிய முதலாளியிடம் மௌனமாக இருக்கிறார்.

வேலை மாறும் உரிமையைத் தாராளமாக்கினால், பயிற்சி கொடுத்து, பிணை கட்டி அழைத்துவந்த ஆள் அடுத்த மாதமே ஓடிவிடுவார் என்பது அவர்களது மற்றோர் அச்சம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் ஓராண்டு போன்ற ஒரு காலவரையறை வைத்து, அதன்பின் முன்னறிவிப்போடு மாற விடுவதன் மூலம் இதைச் சரிசெய்யலாம். தொழிலாளியை முதலாளியோடு கட்டிப்போடும் கஃபாலா முறைக்குப் பெயர்போன கத்தாரே 2020இல், முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமல் வேலை மாறலாம் என்று சட்டம் போட்டது. 2021 மார்ச்சில் 1,000 ரியால் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தையும் நடைமுறைப்படுத்தியது. அமலாக்கத்தில் அங்கே குறைகள் உண்டு. ஆனாலும் அந்நாட்டின் கட்டுமானத் தொழில் இதனால் நின்றுவிடவில்லை.

நம் பக்கத்துக் கடமை

சிங்கப்பூரை மட்டும் குறைசொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. கடன் தொடங்குவது நம் ஊரில். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர், ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரைதான் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கலாம். இந்தியாவிலும் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற முகவர் மட்டுமே ஆள் எடுக்கலாம். 30,000 ரூபாயும் வரியும்தான் கட்டண வரம்பு. ஆனால் வாங்கப்படும் தொகை பயிற்சிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், சேவைக் கட்டணம் என்று பல பெயர்களில் பிரிந்துவிடுவதால் இரண்டு நாட்டு வரம்புகளுக்கும் சிக்காமல் நழுவுகிறது.

இன்னொரு இடைவெளியும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர் குடிபெயர்வு அனுமதி பெற்றே போக வேண்டிய 18 நாடுகளின் பட்டியலில் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உண்டு, சிங்கப்பூர் இல்லை. ஒழுங்கான நாடு என்ற நம்பிக்கை அதற்குக் காரணமாக இருக்கலாம். அதன் விளைவாக, ஒப்பந்தத்தை இந்திய அதிகாரி ஒருவர் பார்த்துச் சரிபார்க்கும் கட்டம் சிங்கப்பூர் செல்பவருக்கு வாய்ப்பதில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2021லும் 2025லும் புதிய வரைவுகள் கருத்துக் கேட்புக்கு வந்தன. கட்டண வசூலைத் தடுக்கும் கூர்மையான விதிகள் இல்லாமல் எந்தப் புதிய சட்டம் வந்தாலும் கிராமத்து ஏஜென்டின் வியாபாரம் மாறாது. தமிழ்நாடு அரசுக்கு 1978 முதலே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் உண்டு. சிங்கப்பூருக்குப் போகும் கட்டுமானத் தொழிலாளர்களை அதன் வழியே, கட்டணச் சுமையின்றி அனுப்பும் திட்டத்தை அரசு முன்னெடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலில், பணியிடம் மாறும் உரிமை. சம்பள பாக்கி, காயம், லஞ்சம் ஆகியவை பற்றிப் புகார் கொடுத்தவர் அன்றைக்கே வேறு முதலாளியைத் தேடத் தொடங்கலாம் என்றும், வழக்கு நடக்கும் காலத்தில் உடல்நிலை அனுமதித்தால் வேலை செய்யலாம் என்றும் விதி வேண்டும். புகார் கொடுத்தால் பட்டினி என்ற நிலை மாறினால், இன்று ஏட்டில் உறங்கும் தண்டனைப் பிரிவுகளுக்கெல்லாம் உயிர் வரும். அதிகாரிகளைக் கொண்டு லட்சக்கணக்கான சம்பளக் கணக்குகளைச் சோதிப்பதைவிட, அந்தந்தத் தொழிலாளியையே அஞ்சாத சாட்சியாக்குவது மலிவானதும் நம்பகமானதும் ஆகும்.

இரண்டாவது, வங்கிவழிச் சம்பளத்தை விடுதிவாசிகளுக்கு மட்டுமின்றி எல்லா வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்கும் கட்டாயமாக்கி, ஐ.பி.ஏ. கடிதத்தில் சொன்ன தொகையோடு மாதந்தோறும் ஒப்பிட வேண்டும். திரும்ப வாங்கிக்கொள்ளும் பேரத்தை இது முழுதாகத் தடுக்காது; சம்பளம் தாமதமாவதையும் குறைவதையும் முதல் மாதத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது, ஆள் எடுக்கும் செலவு முழுவதையும் முதலாளி ஏற்கும் முறைக்கு இரு அரசுகளும் உடன்பாடு காண வேண்டும். நான்காவது, ஒப்பந்தச் சங்கிலியின் உச்சியில் உள்ள நிறுவனம் கீழ்ப்படிகளின் சம்பள பாக்கிக்கும் பொறுப்பேற்க வேண்டும். கட்டடத்தின் ஆதாயம் மேலே போகிறது. அதைக் கட்டியவனின் கூலிக்கான பொறுப்பும் மேலே போவதே முறை.

தொழிலாளிகளும் செய்ய வேண்டியது உண்டு. தமிழ் ஐ.பி.ஏ. கடிதத்தைப் படிக்காமல் விமானம் ஏறக் கூடாது. கடிதம், சம்பளச் சீட்டு, வேலை நேரக் குறிப்பு, மருத்துவச் சான்று ஆகியவற்றின் படங்களை ஊரில் உள்ள குடும்பத்தாரிடமும் ஒரு பிரதியாக வைத்திருக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. காயம் பட்டால் வேலையிடத்தில்தான் பட்டது என்று மருத்துவரிடம் முதல்நாளே சொல்லிப் பதிய வேண்டும்.

சிங்கப்பூர் தன் சட்டத்தைத் திருத்தத் தயங்காத நாடு. காப்பீட்டு வரம்பை நான்கு மடங்காக்கியது. விடுதிச் சட்டத்தை விரிவாக்கியது. வொர்க் பெர்மிட்டில் மொத்தம் இத்தனை ஆண்டுதான் வேலை செய்யலாம் என்ற உச்சவரம்பை 2025 ஜூலையில் நீக்கியது. இவை எல்லாம் முதலாளியின் கடமைகளையோ அவரது வசதியையோ கூட்டியவை. இனி வர வேண்டிய திருத்தம் தொழிலாளியின் உரிமையைக் கூட்டுவதாக இருக்க வேண்டும். இருபது ஆண்டு வேலை செய்யலாம் என்று அழைக்கும் நாடு, அந்த இருபது ஆண்டில் மோசமான முதலாளியிடமிருந்து நல்ல முதலாளியிடம் போகும் சுதந்திரத்தையும் தர வேண்டும். அதைக் கொடுத்தால் நேர்மையான நிறுவனங்களுக்கு ஆள் சேரும். ஏமாற்றும் நிறுவனங்கள் ஆளின்றித் தாமாகவே ஒழுங்குக்கு வரும். சட்டத்தை மதித்து நடக்கும் முதலாளிக்கும் இதைவிட நல்ல பாதுகாப்பு வேறில்லை.